காதில் சொன்ன பெயர்

அந்த நடிகனுக்குத் தவளை என்று பட்டப்பெயர். பிதுங்கிய கண்களும், பேச வாயெடுக்கும் முன் ஒருமுறை உப்பி அடங்கும் கழுத்தும் சேர்ந்து சம்பாதித்துக் கொடுத்த பெயர். கதாநாயகனிடம் அறை வாங்குவது, வில்லன் வீட்டில் தட்டைக் கீழே போடுவது, கல்யாணக் காட்சியில் நாற்காலியோடு கவிழ்வது என்று வயிற்றைக் கழுவி வந்தவன். நாற்பதைத் தாண்டிய பிறகுதான் ஒரு டைரக்டர் அவனை நம்பிப் படம் முழுக்க வருகிற வேடம் ஒன்றைக் கொடுத்தார்.

படத்தின் பெயர் 'ஒரு ஓட்டு, ஒரு பாட்டு'. நாட்டை ஆள்கிற தலைவருக்குத் தேர்தல் என்றாலே பயம். மக்கள் மனதைப் பிடிப்பதற்காக டிவியில் நடக்கும் பாட்டுப் போட்டியில் போய்ச் சேர்ந்துவிடுகிறார். குரல் கழுதைக் குரல். சுதி எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் போகிறவர். அவர் பின்னாலேயே வாத்தியக்காரர்கள் மூச்சு வாங்க ஓடுகிறார்கள். நடுவர்கள் ஆனந்தக் கண்ணீர் விட்டு மயங்கி விழுகிறார்கள். அப்பாவி நடுவர் ஒருவர் மட்டும் பத்துக்கு ஒன்பது என்று அட்டையைத் தூக்கிவிடுகிறார். நிகழ்ச்சித் தொகுப்பாளன் பாய்ந்து ஓடி வருகிறான். பக்கத்தில் இருந்த பாடகியின் லிப்ஸ்டிக்கைப் பிடுங்கி, ஒன்பதுக்கு முன்னால் ஒரு ஒன்றைப் போட்டு, "பத்துக்குப் பத்தொன்பது!" என்று அலறுகிறான். அந்தத் தொகுப்பாளன்தான் தவளை.

படம் முடிந்ததும் அமைச்சகத்தில் போட்டுக் காட்ட வேண்டும் என்றார்கள். டைரக்டர் பழம் தின்று கொட்டை போட்டவர். வெட்டுவதற்கென்றே சில காட்சிகளைத் தனியாக எடுத்துச் சேர்த்திருந்தார்.

"இதையெல்லாம் தூக்கச் சொல்வாங்க. கொஞ்ச நேரம் அழுது அடம்பிடிச்சுட்டு விட்டுக் கொடுத்துடலாம். மிச்சப் படம் தப்பிச்சுடும்" என்று தவளையிடம் சொன்னார்.

அமைச்சகத்தின் சின்னத் திரையரங்கில் நாற்காலிகளுக்கெல்லாம் வெள்ளை உறை போட்டிருந்தது. தவளையும் டைரக்டரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். படம் ஓட ஆரம்பித்ததும் அதிகாரிகள் சிரித்தார்கள். தவளைக்குச் சிரிப்பின் ரகங்கள் தெரியும். மரியாதைக்குச் சிரிப்பது, பக்கத்துக்காரன் சிரிக்கிறானே என்று சிரிப்பது, புரியாமல் சிரிப்பது. இது அதில் எதுவும் இல்லை. சிரிக்க வேண்டிய இடத்தில், சிரிக்க வேண்டிய அளவுக்கு, வயிறு குலுங்கச் சிரித்தார்கள். டைரக்டர் இருட்டில் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

சில நாள் கழித்து, நிஜமாகவே நாட்டை ஆண்ட தலைவரின் செயலாளர் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். மெலிந்த மனிதர். ரப்பர் அடி வைத்த செருப்பு போட்டிருப்பார். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது.

"ஐயா பார்த்தார்" என்றார் செயலாளர். "ரெண்டு தடவை பார்த்தார். அந்தப் பத்தொன்பது இடத்துல நிறுத்தி, திரும்பப் போடச் சொன்னார்."

டைரக்டர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "எந்தெந்த இடத்தை வெட்டணும்னு சொன்னீங்கன்னா..."

"எதையும் வெட்ட வேணாம்னுட்டார். படம் மட்டும் கொஞ்சம் பொறுக்கட்டும். முதல்ல நிகழ்ச்சி."

"எந்த நிகழ்ச்சிங்க?"

"உங்க படத்துல வருதே, அதே நிகழ்ச்சிதான். ஐயா பாடப் போறார். அவர் வாயாலயே சொன்னார், தொகுப்பாளர் இந்தத் தவளையே இருக்கட்டும்னு."

டைரக்டர் சத்தமாகச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருமலாக மாற்றிக்கொண்டார்.

தவளையின் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். எந்தக் கொம்பனாக இருந்தாலும் சீட்டில்லாமல் மாத்திரை கொடுக்க மாட்டாள். விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"முடியாதுன்னு சொல்லிட்டு வர வேண்டியதுதானே?"

"கேட்டாத்தானே முடியாதுன்னு சொல்ல? யாரும் கேட்கவே இல்லை. கோட்டு தைக்க அளவெடுத்து அனுப்பிட்டாங்க."

நிகழ்ச்சி தொடங்கியது. வாரா வாரம் ஊரே டிவி முன்னால் உட்கார்ந்தது. போனில்தான் ஓட்டு. ஓட்டுப் போட்டதும் பதில் வரும்: 'நன்றி. உங்கள் ஓட்டு பதிவாயிற்று.' கீழே ஓட்டுப் போட்டவரின் முழுப் பெயர் இருக்கும். பெயரை யாரும் கேட்கவில்லை, யாரும் கொடுக்கவும் இல்லை.

முதல் வாரம் தலைவர் மேடையேறியபோது தவளை படத்தில் செய்ததையே செய்யத் தயாராக இருந்தான். வாத்தியக்காரர்கள் பின்னால் ஓடத் தயாராக இருந்தார்கள். தலைவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். குழந்தையைத் தூங்க வைக்கிற பாட்டு ஒன்றை மெதுவாக எடுத்தார்.

நன்றாகப் பாடினார்.

கனமான, கொஞ்சம் கரகரத்த குரல். மேலே போகிற இடத்தில் லேசாக உடைந்தது. உடைந்ததும் அழகாகத்தான் இருந்தது. விளக்குப் பிடிப்பவர் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தவளைக்கும் கை மயிர் சிலிர்த்துக்கொண்டது. அதை மறைக்கச் சட்டைக் கையை இழுத்துவிட்டான்.

இடைவேளையில் டைரக்டர் ஒப்பனை அறைக்கு வந்தார். ஆலோசகர் என்று அவர் கழுத்தில் அட்டை மாட்டியிருந்தார்கள்.

"நல்லா பாடுறான்டா" என்றார். "அவனுக்குப் பாடத் தெரியாதுன்னு நம்பித்தானேடா மொத்தப் படத்தையும் எடுத்தேன்? போச்சு. இனி நம்ம படத்துல சிரிக்க என்ன இருக்கு?"

கழுத்து அட்டையைக் கழற்றிக் கண்ணாடிக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் அவர் வீட்டுக் கதவில் வேறு யாருடைய பெயரோ இருந்தது. எங்கே போனார் என்று தவளை யாரையும் கேட்கவில்லை. மற்றவர்களும் கேட்கவில்லை.

ஒவ்வொருவராக வெளியே போய், இறுதிச் சுற்றில் தலைவரும் ஒரு நர்ஸும் மிஞ்சினார்கள். குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கும் பருத்த பெண். நேராக வேலையிலிருந்து வந்து, சீருடையோடு மேடை ஏறிவிடுவாள். அவள் பாட ஆரம்பித்தால் கேட்பவர்களின் முதுகு தானாக நிமிரும். பாட்டின் நடுவில் அவளுக்கே சிரிப்பு வந்துவிடும், சிரித்தபடியே சுதி பிசகாமல் பாடுவாள். தலைவர் நன்றாகப் பாடினார். இவள் பாடியதைப் பற்றி அப்படிச் சொல்லி முடித்துவிட முடியாது.

இறுதி நாள் மேடைக்குப் பின்னால் அவள் தவளையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நான் தோக்கணும்னு உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா?"

"இல்லையேம்மா."

"என்கிட்டயும் யாரும் சொல்லலை. சொல்லியிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன். சொல்லாம இருக்காங்களே, அதான் பயமா இருக்கு."

தவளைக்கும் அதே பயம்தான். கொஞ்ச நேரம் முன்னால் செயலாளரிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்திருந்தான். "முடிவை நான் எப்படிச் சொல்லணும்?"

"என்ன வருதோ அதைச் சொல்லுங்க" என்றார் செயலாளர், சாதாரணமாக.

என்ன வருதோ. எங்கிருந்து வருவதை? காதில் வருவதையா, வாயில் வருவதையா? மேடைக்குப் போகும் வழியெல்லாம் தவளை அந்த வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

முடிவு அவன் காதுக்குள் இருந்த கருவியில் வரும். கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் தயாரிப்பாளர் சொல்வாள். முடியை ஒட்ட வெட்டிய இளம்பெண். எப்போதும் வாயில் மிட்டாய் ஒன்று கடகடக்கும். அன்று கடகடக்கவில்லை.

"நர்ஸ்" என்றது காது.

தவளை அசையவில்லை.

"நர்ஸ்தான் அண்ணே. ரொம்ப வித்தியாசம். கிட்டக்கூட வரலை. சொல்லுங்க."

முன்னால் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. இடது பக்கம் நர்ஸ் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். வலது பக்கம் தலைவர். அவர் முகத்தைத் தவளை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. அதில் மிரட்டல் இல்லை. பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனின் முகம். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அதுதான் தவளையை நடுங்க வைத்தது. இந்த மனிதருக்கு இது நிஜமாகவே வேண்டும்.

கழுத்து உப்பி அடங்கியது. "நம்ம தலைவர்!" என்றான்.

மேலிருந்து வண்ணக் காகிதம் கொட்டியது. கைதட்டல் ஒரு நொடி தாமதித்து எழுந்தது. காதில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சரி. விளம்பரத்துக்குப் போறோம்" என்றாள் தயாரிப்பாளர்.

தலைவர் அவனை இறுகக் கட்டிக்கொண்டார். அவர் வாய் அவன் காதருகே வந்தது. "உண்மையைச் சொல்லு. நிஜமாவே ஜெயிச்சேனா?"

"ஆமாங்க ஐயா."

தலைவரின் கண் கலங்கியது.

ஒப்பனை அறைப் பக்கம் போனபோது நர்ஸ் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். "அப்பாடா, தப்பிச்சேன் அண்ணே!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தவளை வீட்டுக்கு எடுத்துப் போனான். அவளைக் காப்பாற்றியிருக்கிறோம் என்று பல நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

தலைவர் டிவியில் பேசினார். எழுதி வைத்துக்கொள்ளாமல் பேசினார். "இத்தனை நாளா என்னைச் சுத்தி இருக்கறவங்க சொல்ற எதையும் நான் நம்பினதில்லை. கைதட்டுறவங்களை நம்பினதில்லை. இந்தத் தடவை யாரையும் எதுவும் செய்யச் சொல்லாம விட்டேன். நீங்களா, உங்க கையால, உங்க பேர்ல போட்டீங்க. இதைவிட ஒரு தேர்தல் எதுக்கு?" என்றார். வரவேண்டிய தேர்தல் ரத்தாயிற்று. செயலாளர் பின்னால் நின்றிருந்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

தவளை சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கை கழுவினான்.

அதற்குப் பிறகுதான் ஆட்கள் அவன் காதைக் கடிக்க ஆரம்பித்தார்கள். முதலில் கீழ்வீட்டுத் தையற்காரர். கோட்டைக் கொஞ்சம் பிடித்துத் தைக்க வேண்டும் என்று போன தவளையின் தோளில் டேப்பை வைத்தபடியே குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. நான் நர்ஸுக்குத்தான் போட்டேன். போட்ட நாள்லேர்ந்து தூக்கமில்லை. ஊரே ஐயாவுக்குப் போட்டிருக்கு, நான் ஒருத்தன்தான் கிறுக்கன் மாதிரி போட்டிருக்கேன். பேர் வேற போயிருக்கு. ஏதாவது பிரச்சினை வருமா?"

"வராதுண்ணே."

மாடியில் குடியிருக்கும் கணக்கு வாத்தியார் படிக்கட்டில் மறித்தார். "நானும் என் வீட்டுக்காரியும் மட்டும்தான் போல இருக்கு" என்றார். பால் கொண்டுவருகிற பெண்ணும் நர்ஸுக்குத்தான் போட்டதாகச் சொன்னாள். ஸ்டுடியோ வாசல் காவலாளியும் அதையே சொன்னான். ஒவ்வொருவரும் தான் மட்டும் தனியாக மாட்டிக்கொண்டதாக நினைத்தார்கள். டிவியில் வருகிறவன், உள்விவகாரம் தெரிந்தவன் என்று அவனிடம் வந்து ஆறுதல் தேடினார்கள். அவன் எல்லோருக்கும் "ஒண்ணும் ஆகாது" என்று சொன்னான். நீங்கள் தனி ஆள் இல்லை, உங்கள் பக்கம்தான் ஊர் என்கிற ஒரு வார்த்தை மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை.

உண்மை தெரிந்த இன்னொருத்தி அந்தத் தயாரிப்பாளர். கட்டுப்பாட்டு அறைக்குப் போய் எட்டிப் பார்த்தான். அவள் நாற்காலியில் வேறொரு ஆள் இருந்தார். மேஜையின் ஓரத்தில் மிட்டாய்க் காகிதம் ஒன்று ஒட்டிக் கிடந்தது. "அந்தப் பொண்ணா? வேலையை விட்டுடுச்சு" என்றார் புது ஆள், திரும்பிப் பார்க்காமல். நர்ஸையும் எல்லைப்பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மாற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டான். காப்பாற்றினோம் என்ற நினைப்பும் அத்தோடு போயிற்று.

ஒருநாள் சாயங்காலம் மனைவி கடையிலிருந்து வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் அவன் எதிரே நின்றாள்.

"கடைக்கு வர்றவங்க ஒருத்தர் பாக்கியில்லாம என் காதுல குசுகுசுன்னு சொல்றாங்க. எல்லாரும் நர்ஸுக்குத்தான் போட்டாங்களாம். எல்லாரும்! அப்புறம் ஐயாவுக்கு யாருங்க போட்டது?"

அவன் கழுத்து உப்பியது. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. மெதுவாக உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க."

சொன்னான். காதில் வந்த பெயரையும், வாயில் வந்த பெயரையும் சொன்னான்.

"மாத்திச் சொல்லச் சொன்னாங்களா?"

"இல்லை."

"மிரட்டினாங்களா?"

"இல்லை."

"அப்புறம் ஏன்?"

"யாரும் ஒண்ணும் சொல்லலை. அதனாலதான்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் கடையில நின்னுக்கிட்டுத்தான் போட்டேன். என் பேர் வரும்னு தெரியும். கை வெடவெடன்னு நடுங்குச்சு. ஆனாலும் போட்டேன். அந்தத் தையற்காரர் போட்டிருக்கார். பயந்தாங்கொள்ளி வாத்தியார் போட்டிருக்கார். இத்தனை பேருக்குத் தைரியம் வந்திருக்கு. உங்க ஒருத்தர்கிட்ட வந்து நின்னுபோச்சு."

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"எங்க போற?"

"மாடிக்கு. வாத்தியார் வீட்டுக்கு."

"வேணாம். கேளு. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் என்ன?" என்றபடி கதவைத் திறந்து வைத்துவிட்டே போனாள். மேலே ஒரு கதவு தட்டப்படுவது கேட்டது. பேச்சுக் குரல். பிறகு இன்னொரு கதவு. தவளை எழுந்து அவளை இழுத்து வரவில்லை. அவன் வாழ்க்கையில் செய்த நல்ல காரியங்களில் அதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

பேச்சு பரவியது. தையற்காரர் தன் கடைக்கு வருகிறவர்களை அளவெடுத்துக்கொண்டே விசாரித்தார். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டார்கள். முதலில் காதோடு, பிறகு சாதாரணக் குரலில். "நீங்க யாருக்குப் போட்டீங்க?" என்று கேட்பது, மழை வருமா என்று கேட்பது போல ஆகிவிட்டது. சுவர்களில் யாரோ நர்ஸின் தொப்பியை வரைந்தார்கள். ராத்திரியோடு வெள்ளையடிப்பார்கள், மறுநாளே வேறு சுவரில் முளைக்கும். மருந்துக்கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றுகொண்டு நாள் முழுக்கப் போகாமல் இருந்தது.

பிறகு தவளையைக் கூட்டிப் போக வந்தார்கள். காலையில், அவன் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது. செயலாளர் வீட்டுக்குள் எப்போது நுழைந்தார் என்று தெரியவில்லை. கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தபோதுதான் தெரிந்தது.

"ஐயா உங்களைப் பார்க்கணுமாம்" என்றார். "மெதுவா மழிச்சுட்டு வாங்க. அவசரமில்லை."

மனைவி வாசல் வரை வந்து அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "பொய் சொல்லிட்டு மட்டும் வராதீங்க" என்று அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

அழைத்துப் போன அறையில் ஜன்னல் இல்லை. சுவர் முழுக்கப் பஞ்சு வைத்துத் தைத்திருந்தார்கள், ஒலிப்பதிவு அறை மாதிரி. ஒரு நாற்காலி. எதிரே தலைவர் நின்றிருந்தார். கோட்டு இல்லை. இளைத்துப் போயிருந்தார். செயலாளர் கதவைச் சாத்திக்கொண்டு உள்பக்கமே நின்றார்.

"உன்கிட்ட அன்னைக்கு ஒண்ணு கேட்டேன்" என்றார் தலைவர். "நீ ஆமான்னு சொன்னே."

"ஆமாங்க ஐயா."

"இப்பவும் அதைத்தான் சொல்றியா?"

தவளை கதவைப் பார்த்தான். செயலாளர் தன் செருப்பின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதும் அவனிடம் யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை.

"இல்லைங்க ஐயா. அந்த அம்மாதான் ஜெயிச்சாங்க. பெரிய வித்தியாசத்துல."

பஞ்சுச் சுவர் அவன் குரலை விழுங்கிவிட்டது. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டான். சினிமாவில் எத்தனையோ முறை அப்படி மூடியிருக்கிறான். அங்கே அறைபவன் முன்கூட்டியே கண்ணடித்துவிடுவான்.

"உட்காரு" என்றார் தலைவர்.

உட்கார்ந்தான். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தார். இதுவரை அவர் மேடையில் பாடாத புதுப் பாட்டு. நிறைய சாதகம் செய்திருக்கிறார் என்று தெரிந்தது. நன்றாகவே பாடினார். முடித்துவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"இப்ப சொல்லு."

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க ஐயா" என்றான் தவளை. மனைவி இந்நேரம் கடையைத் திறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். "ஆனா அவங்க இன்னும் நல்லாப் பாடுவாங்க."

தலைவர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். செயலாளர் கதவின் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் போட்டார்.

"சரி" என்றார் தலைவர். "முதல்லேர்ந்து பாடறேன். கவனமாக் கேளு."